பிரம்மநாயகியும் பதினேழு பல்லும்

பிரம்மநாயகி என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு வசவோடு சேர்த்துத்தான். எமர்ஜென்சி முடிந்த வருசம். என் கொழுந்தன் நாறும்பூநாதனுக்குப் பெண் பார்க்க என் மாமனாரும் மாமியாரும் சேரன்மகாதேவிக்குப் போயிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தது. பத்தமடையில் பஸ் நின்றுபோய், பத்தரைக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். பெண் பட்டுச்சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுப் பழஞ்சேலையோடு மாவாட்டிக்கொண்டு இருந்தாளாம். "எட்டு மணின்னு சொல்லிட்டுப் பத்தரைக்கு வந்தா, அதுவரைக்கும் பூவும் பொட்டுமா உக்காந்திருக்க நான் என்ன கோயில் சிலையா?" என்று உள்ளே இருந்தபடியே கேட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்த மாமியார் செம்பைத் தரையில் வைத்த வேகத்தில் தண்ணீர் தெறித்தது. "பிரம்மநாயகியாம் பிரம்மநாயகி! வாயைப் பாரு அவளுக்கு" என்றாள். மாமனார் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஏளா, அடுத்தவன் சொன்ன நேரம் தவறுனதுக்குக் கோவப்படுதவ, தான் சொன்ன சொல்லையும் தவற மாட்டா. இவளையே முடிச்சிருவோம்" என்றார். அந்த ஆவணியில் அவள் எனக்கு ஓரகத்தியாக வந்தாள்.

கொழுந்தனுக்கு விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் வேலை. மில் இரைச்சலுக்குள் கத்திக் கத்திப் பேசிப் பழகினவர் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். "இவிய குழம்புல உப்பு இல்லைன்னு சொன்னா, அடுத்த தெருக்காரி அவ குழம்புல உப்பை அள்ளிப் போடுதா அக்கா" என்று பிரம்மநாயகி என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று மூன்று மாதத்தில், ஒன்று பிறந்த அன்றைக்கே. மூன்றாவதாகப் பிறந்தவன் குமரகுருபரன். அவன் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அவள் அவனை இடுப்பைவிட்டு இறக்கியதில்லை. அவன் சொல்லிவிட்டால் அவளுக்கு அது முடிந்த காரியம். வேறு யார் பேச்சும் ஏறாது.

குமரன் படித்துப் பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் மேற்பார்வை வேலைக்குப் போனான். அங்கேயே வீடு கட்டினான். பாளையங்கோட்டையில் பெண் எடுத்தான். மருமகள் பேர் சுகிர்தா. கெட்டவள் இல்லை, பயந்தவள். அவர்களுக்கு ஒரே மகள், விஜயஸ்ரீ.

கொழுந்தன் ரிட்டயர் ஆகிப் பத்து வருசம் கழித்து ஒருநாள் காலையில் காலி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மில் கேட்டில் போய் நின்று, ஷிப்டுக்கு நேரமாச்சு, உள்ளே விடுங்கள் என்று வாட்ச்மேனோடு சண்டை போட்டார். மறதி நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். "இனிமே ரெண்டு பேரும் தனியா இருக்க வேண்டாம்மா" என்று குமரன் வந்து இருவரையும் பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனான். இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள்.

இரண்டு வருசத்தில் அவருக்குப் பேச்சும் போய்விட்டது. அவ்வளவு சத்தமாகப் பேசின மனுசன்! பேச்சு நின்ற பிறகுதான் பல் கடிக்க ஆரம்பித்தார். தூக்கத்தில் கடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவர் கடித்தது பட்டப்பகலில், கண் முழித்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. நான் போயிருந்தபோது கேட்டேன். ஆட்டுக்கல்லில் தண்ணீர் விடாமல் குழவியைச் சுற்றினால் வருமே, அப்படி ஒரு சத்தம். கேட்கிறவர்களுக்குப் பல் கூசும்.

முதலில் எல்லாரும் பூச்சி என்றோம். சின்னப் பிள்ளைகள் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்போமே, அதே நினைப்பு. வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி நானே அவர் வாயில் போட்டேன். துப்பிவிட்டு இன்னும் அதிகமாகக் கடித்தார். மெடிக்கல் கடையில் பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்து இரண்டு நாள் வயிறு போனதுதான் மிச்சம். குமரன் "அப்பா, கடிக்காதீங்க!" என்று அதட்டுவான். அதட்டினால் அவர் தாடை இன்னும் இறுகும். சுகிர்தாவுக்கு வேறு பயம். "பகல்ல பல்லைக் கடிக்க ஆள் இருக்க வீடு விளங்காதுன்னு எங்கம்மை சொல்லுவா அத்தை. குடியைக் கடிக்கதுக்குச் சமானமாம்" என்றாள். "ஆமா, உங்கம்மை சொன்னா அந்த நெல்லையப்பரே எழுதி வச்சுக்கிடுவாரு" என்று பிரம்மநாயகி வெட்டிவிட்டாள்.

வழி காட்டியது பக்கத்து வீட்டுச் சபீதா. அவள் புருசன் துபாயில் இருக்கிறார். தன் மாமியாருக்கு இதே நோய் வந்து ஆறு வருசம் பார்த்து அடக்கம் செய்தவள். "கடிக்காதீங்கன்னு சொல்லாதீங்கம்மா. ஏன் கடிக்காவன்னு பாருங்க. எங்க மாமிக்கு வலின்னு சொல்லத் தெரியாது, பல்லைத்தான் கடிப்பாவ. ஒரு நோட்டுப் போட்டு எந்த நேரம், அதுக்கு முன்னால என்ன நடந்துச்சுன்னு எழுதி வைங்க" என்றாள்.

பிரம்மநாயகி எட்டாவது வரை படித்தவள். விஜயஸ்ரீ காலேஜில் பாதி எழுதி விட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அன்றிலிருந்து எழுதினாள். ஒரு வாரத்தில் ஒரு விசயம் பிடிபட்டது. இடது பக்கமாகச் சாப்பிட்டால் உடனே கடிக்கிறார். பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பின்பல் ஒன்று உடைந்து குத்திக்கொண்டு இருந்தது. அந்த ஒன்றை மட்டும் பிடுங்கினார் அந்த டாக்டர். மற்ற பதினேழும் கெட்டி, இந்த வயதுக்கு இது பெரிசு என்றார். கடிப்பது பாதி குறைந்தது. பிறகு நோட்டைத் தூக்கிக்கொண்டு மறதி நோய் பார்க்கிற டாக்டரிடம் போனாள். அவர் அதைப் படித்துவிட்டு, தூக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை தாடையை இறுக்கும், குறைத்துவிடுவோம் என்று குறைத்தார். இன்னும் கொஞ்சம் தணிந்தது.

மிச்சமிருந்த சத்தத்தைத்தான் அவள் படித்துக்கொண்டாள். மிக்சி ஓடினாலோ, டிவி சத்தம் கூடினாலோ கடகடவென்று கடிப்பார். உடனே அவரைப் பைய எழுப்பிப் பின்பக்கம் கூட்டிப்போய் உட்கார வைத்துத் துண்டுகளை மடிக்கக் கொடுப்பாள். வாய் உலர்ந்தால் இரண்டு மடக்குத் தண்ணீர். வெந்நீரில் பிழிந்த துணியைத் தாடையில் ஒற்றிக் காதடியிலிருந்து கீழே தடவிவிடுவாள். மணலில் செருப்புத் தேய்கிற மாதிரி நிதானமாக ஒரு சத்தம் வந்தால் மூத்திரம் வருகிறது என்று அர்த்தம். அவருக்கு ஏற்கெனவே நீர் அடைக்கிற தொந்தரவு உண்டு. நேரத்துக்குக் கூட்டிப்போகாவிட்டால் நின்றே போகும். கீல் துருப்பிடித்த கதவு மாதிரி இழுத்துக் கேட்டால் வயிறு கட்டியிருக்கிறது. நான் சும்மா சொல்லவில்லை. ஒருதடவை என்னோடு பேசிக்கொண்டு இருந்தவள் பாதிப் பேச்சில் காதைத் தூக்கி, "அக்கா, இருங்க. பாத்ரூமுக்குக் கூப்பிடுதாவ" என்று எழுந்து போனாள். போய்ப் பார்த்தால் சரியாக இருந்தது.

"அவிய இப்பவும் பேசுதாவ அக்கா. நமக்குத்தான் புரிய நாளாச்சு" என்றாள். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிய அவளுக்கு வேறு வழியே கிடையாது. அது எனக்குத் தெரியும், குமரனுக்கும் தெரியும்.

விஜயஸ்ரீக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். முதலில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பத்துப் பேர் நடுவீட்டில் கூடிப் பேசினார்கள். அந்த இரைச்சலில் கொழுந்தன் கடிக்க ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளையின் அத்தைக்காரி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "யாரு பல்லைக் கடிக்கா? பெரியவரா? பகல்லயா?" என்றாள். போனவர்கள் போனவர்கள்தான். ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்தது. ஜாதகம் பார்த்த பிறகுதானே வந்தார்கள்!

அடுத்து டவுணில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம். நல்ல பையன். அவர்கள் வருகிற நாள் குறித்ததும் பிரம்மநாயகி தானாகவே மகனிடம் சொன்னாள்: "ஏலே குமரு, அன்னைக்கு நான் அப்பாவை ஆத்துப்பக்கம் கூட்டிட்டுப் போயிருதேன். அவிய போனபொறவு வாரோம்."

"என்னம்மா பேசுத? அப்பா என்ன ஒளிச்சு வைக்க சாமானா? நடுவீட்ல உக்காரட்டும். பிடிச்சா எடுக்கட்டும், இல்லைன்னா போகட்டும்" என்றான் குமரன். அப்போது நானும் அங்கன இருந்தேன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. மகனைப் பெற்றால் இப்படிப் பெற வேண்டும் என்று என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சொன்னாள்.

அதற்கிடையில் அவளுக்குக் கண்புரை முற்றிவிட்டது. நோட்டில் எழுதுவது வரி மாறி ஏறிக்கொண்டு இருந்தது. "ஆபரேசன் முடிஞ்சு ஒரு வாரம் பெரியம்மை வீட்ல இரும்மா, அடுப்புப் புகை ஆகாது. அப்பாவை நான் லீவு போட்டுப் பாக்குதேன்" என்றான் குமரன். அவள் நோட்டை அவன் கையில் கொடுத்து, ஒவ்வொரு சத்தத்தையும் வாயாலேயே செய்து காட்டினாள். அவன் திருப்பிச் செய்து காட்டினான். "சரியாச் செய்யுத, நீ பாத்துக்கிடுவ" என்று சொல்லிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினாள்.

ஆபரேசன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு டவுணில் என் வீட்டில் படுத்திருந்தாள். தினமும் சாயங்காலம் குமரனுக்குப் போன் போடச் சொல்லுவாள். போனை அப்பா வாய்க்கிட்ட வை என்பாள். முதல் இரண்டு நாள் கேட்டாள். "தண்ணி கேக்காவலே, குடு" என்று இங்கிருந்தே சொன்னாள்.

மூன்றாம் நாள் காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது குமரன் எனக்குப் போன் செய்தான். "பெரியம்மை, அப்பாவைப் பல் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன். அம்மாட்ட சொல்லாதீங்க. கண்ணு ஆபரேசன் பண்ணிட்டு அழுதுகிழுது வச்சா தையல் பிரிஞ்சிரும்" என்றான். முன்னே மாதிரி ஏதோ ஒரு பல் என்று நினைத்தேன். எந்தப் பல், எத்தனை பல் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் போனில் சத்தம் இல்லை. "தூங்குதாவம்மா" என்றான். மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. "மூணு நாளாக் கடிக்கவே இல்லை அக்கா! எம் மகன் என்னைவிட நல்லாப் பாக்கான்" என்று அவள் சந்தோசப்பட்டாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு அவளுக்குச் சொட்டு மருந்து ஊற்றினேன்.

ஏழாம் நாள் நான்தான் அவளைப் பேட்டைக்குக் கூட்டிப்போனேன். நடையிலேயே நின்று காதைக் கொடுத்தாள். வீடு அமைதியாக இருந்தது. உள்ளே போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தாங்க, வந்துட்டேன்" என்று தாடையைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவில்லை. அவர் வாய் உள்ளே விழுந்து, முகம் பாதியாக இருந்தது. உதட்டோரம் காய்ந்த ரத்தம். தாடை மட்டும் முன்போலவே அசைந்துகொண்டு இருந்தது. ஈறும் ஈறும் உரசுவது வெளியே கேட்கவில்லை.

"ஏலே குமரு. பல்லு எங்கலே?"

"ஆடிக்கிட்டு இருந்துச்சும்மா. நாக்கைக் கடிச்சுப் புண்ணாக்குதாருன்னு..."

"ஒரு பல்லும் ஆடலை. நான் தேய்ச்சுவிட்ட பல்லு, எனக்குத் தெரியாதா? பதினேழும் எங்க?"

சுகிர்தா அடுப்படி வாசலில் நின்று, "டாக்டரே எடுத்துரலாம்னுதான் சொன்னாரு அத்தை" என்றாள்.

"எந்த டாக்டரு? நான் கூட்டிட்டுப் போன டாக்டரா?"

இல்லை. அவர் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். வேறு ஒருவரிடம் போயிருக்கிறார்கள். அவரும் முதலில் யோசித்தாராம். அப்போது குமரன் அவள் எழுதின நோட்டை எடுத்துக் காட்டியிருக்கிறான். ஒரு நாளைக்குப் பதினாலு தடவை, பதினாறு தடவை என்று தேதி வாரியாக ஆரம்பத்தில் எழுதின பக்கங்கள். வீட்டு ஆள்களே இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள், பெரியவர் எவ்வளவு கஷ்டப்படுகிறார் என்று அவர் நம்பிவிட்டார். மகன் கையெழுத்துப் போட, இரண்டு நாளாகப் பிரித்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். நோட்டுக்குள்ளேயே அந்த மருந்துச் சீட்டும் இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள்.

"பாப்பா கல்யாணம்மா..." என்றான் குமரன். "இந்த இடமும் தட்டிப் போச்சுன்னா?"

"அதான் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேனேலே. ஒரு நாள், ஒரு பொழுது. நீதானலே ஒளிச்சு வைக்க வேண்டாம்னு சொன்ன?"

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் தலையைக் குனிந்து நிற்பதைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "உங்களுக்கும் தெரியுமா அக்கா?" என்றாள். ஒரு பல் என்று நினைத்தேன் என்று சொன்னேன். "மூணு நாளு நான் சந்தோசப்பட்டதை உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க" என்றாள். அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அழவும் இல்லை. சொட்டு மருந்தை என் கையிலிருந்து வாங்கித் தானே ஊற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை டவுண்காரர்கள் வந்தார்கள். கொழுந்தனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு நடுவீட்டில் உட்கார வைத்தார்கள். பிரம்மநாயகியைப் பெண்ணின் ஆச்சியாக முன்னால் நிறுத்தி, வந்த பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி அவளிடம் பேசினார்கள். அவரைப் பார்த்து, "தாத்தா வெத்தலை மெல்லுதாவளா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். பேச்சு முடிந்து, தட்டு மாற்ற நாளும் குறித்தார்கள். அவர்கள் போகும்போது மணி மூன்று. அவரைக் கடைசியாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போனது காலை ஏழுக்கு. நாற்காலியிலிருந்து எழுப்பினபோது அடிவயிறு கல்லாக இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. அத்தனை பேருக்கு நடுவில் காலையிலிருந்து அவர் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு எடுத்தார்கள். ஒன்பது நாள் படுக்கை. பிழைத்தார்.

பத்தாம் நாள் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து பேட்டைக்குத் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மில்லில் கொழுந்தனோடு வேலை பார்த்த இஸ்ரவேல் அண்ணாச்சிக்கு விக்கிரமசிங்கபுரத்தில் வீடு. பின்கட்டில் ஒரு அறை சும்மா கிடந்தது. அவரிடம் சபீதாவின் போனிலிருந்து பேசி ஏற்பாடு செய்திருந்தாள். என்னிடம் பேசச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் வரவழைத்திருந்த வாடகைக் காரைக் குமரன் மறித்து நின்றான். "அம்மா, கல்யாணம் முடியட்டும்மா. இப்பப் போனா ஊரு என்ன சொல்லும்?"

"ஊருக்குக் கேக்கக் கூடாதுன்னுதானலே பல்லைப் புடுங்குன. இப்ப அது என்ன சொல்லும்னு என்ட்டக் கேக்க? தள்ளு."

"உன்னால தனியாப் பாக்க முடியாதும்மா. ஒத்தக் கண்ணு வேற."

"ரெண்டு பிள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டு உன்னைய வளத்தேன். அப்பவும் தனியாத்தான் பாத்தேன்" என்றாள். விஜயஸ்ரீ பின்னால் நின்று அழுதுகொண்டு இருந்தாள். பிள்ளையின் தலையைத் தடவி, "நீ நல்லா இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினாள். 

தை மாசம் கல்யாணம் நடந்தது. நான் போனேன், அவள் வரவில்லை. பெண்ணுக்கு ஆச்சி எங்கே என்று கேட்டவர்களிடம் கண் ஆபரேசன் என்று சுகிர்தா சொல்லிக்கொண்டு இருந்தாள்.

பங்குனியில் நான் பஸ் ஏறி விக்கிரமசிங்கபுரம் போனேன். உள்ளே வரவிட்டாள். காபி கொடுத்தாள். சுவரில் ஒரு கடிகாரம் மாட்டி, இரண்டு மணிக்கு ஒருதடவை அவரைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகிறாள். இட்லியைப் பாலில் கரைத்து ஊட்டுகிறாள். பகல் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தாடையில் வைத்துக்கொண்டே இருக்கிறாள். "கை வச்சாத் தெரியுதாளா?" என்று கேட்டேன்.

"பாதி தெரியுது. மீதிக்கு ஊகந்தான்" என்றாள். குமரன் மாதம் இரண்டு தடவை வருகிறானாம். வெளியே நின்று பழம் கொடுத்துவிட்டுப் போகிறான். "வாங்கிக்கிடுதேன். உள்ள வான்னு சொல்லலை" என்றாள். என்னை மன்னித்துவிடு என்று சொல்லத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன். அதைச் சொல்லுவதற்குள் கடிகாரம் அடித்தது, அவள் அவரை எழுப்பப் போய்விட்டாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பிரம்மநாயகி இப்போது விக்கிரமசிங்கபுரத்தில் இஸ்ரவேல் அண்ணாச்சி வீட்டுப் பின்கட்டில் இருக்கிறாள். என் கொழுந்தனும் அவளோடு இருக்கிறார். பேட்டைக்கு அவள் திரும்பவில்லை.